மற்ற யாழ்ப்பாணத்தைக் கட்டியவர்

கொறற்றியின் சாவுச் செய்தி கொறற்றியின் தொலைபேசியிலிருந்தே வந்தது. வியாழக்கிழமை மத்தியானம், காப்புறுதி அலுவலகத்தில் என் மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தேன். எங்கள் நால்வருக்கு மட்டுமான வட்ஸ்அப் குழுவில், அவருடைய பெயருக்கும் சிரித்த படத்துக்கும் கீழே, "கொறற்றி எங்களை விட்டுப் போட்டா" என்று ஒரு வரி விழுந்தது. நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வந்து மீட்கிறம், அதுமட்டும் பொறுத்திரும்" என்று எழுதி அனுப்பினேன். நெல்லியடியிலிருந்து ரவி, "எந்தக் கிணத்துக்கையாம்?" என்று கேட்டான். அரியாலையிலிருந்து தாட்சாயினி ஒரு பேய் முகத்தைப் போட்டாள். பிறகு அதே பெயரில், அதே படத்தோடு, "நான் தம்பி யூட். அக்கா உண்மையாத்தான் செத்துப்போனா. தயவுசெய்து விளையாடாதேங்கோ" என்று வந்தது.

எங்களை நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று யாரும் நினைத்தால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் எங்களை அப்படிப் பழக்கியவர் கொறற்றிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடி விளையாடும் கதையாட்டத்துக்கு முன்னோட்டமாக, கிழமை நாட்களில் அவர் இப்படி ஏதாவது ஒரு வரியை அனுப்பி எங்களைப் பயமுறுத்துவார். "வாற ஞாயிறு மேசையிலை ஒரு ஆள் குறையும்" என்பார். "தாட்சாயினி, உங்கடை கிணத்துத் தண்ணி இண்டைக்கு என்ன நிறம் எண்டு ஒருக்காப் பார்" என்பார். டெங்கு என்று ஆசுப்பத்திரியில் படுத்த பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. "வில்லன் வந்திட்டான். ஆள் சரியான சின்னன், ரெண்டு செட்டை கிடக்கு" என்று எழுதினார். இரத்தத்தில் ப்ளேட்லட் குறைந்துகொண்டு போனதை, "உயிர்ப்புள்ளி இறங்குது, சுகப்படுத்துற சக்தி உள்ள ஆக்கள் ஆரும் இருந்தால் கெதியா வாங்கோ" என்று அறிவித்தார். நாங்களும் ஆளுக்கொரு பகிடி எழுதினோம். அவருடைய நோயையும் கதையில் சேர்த்துவிட்டோம்.

யூட் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தார். அப்போது என்னால் முடியவில்லை. மலர் அச்சாகி, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகுதான் எழுதவேண்டும் என்று தோன்றியது. மலருக்கு இது ஏற்றதாகவும் இருந்திராது.

கொறற்றியை அறிந்தவர்கள் பலர். கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதியவராக அறிந்தவர்கள் உண்டு. குருநகரில் கோயில் பாடற்குழுவில் இரண்டாம் குரல் பாடியவராக, கலியாணம் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்று தாயோடு இருந்துவிட்டவராக அறிந்தவர்கள் உண்டு. அவர் ஒரு முழு நகரத்தைக் கட்டினார் என்பது எங்கள் மூவருக்கும் அவருடைய அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். அந்த நகரத்துக்கு நாங்கள் மற்ற யாழ்ப்பாணம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அது தொடங்கியது ஒரு பெட்டியில். ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த அவருடைய மச்சாள் ஒருத்தி, தன் மகன் விளையாடி அலுத்துப்போன ஆட்டப் பெட்டி ஒன்றைச் சொக்கிலேற்றுகளோடு சேர்த்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். உள்ளே ஒரு தடித்த புத்தகமும், நாலு முகம் தொடக்கம் இருபது முகம் வரையான பகடைக் கட்டைகளும் இருந்தன. ஆட்டம் எளியது. ஒருவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, அந்த உலகத்துக்குள் என்ன செய்கிறோம் என்று சொல்லவேண்டும். செய்ய நினைத்தது சரிவருமா என்பதைக் கட்டை தீர்மானிக்கும். புத்தகத்தில் இருந்த வீரர்கள் எல்லாரும் இறுக்கிய உடுப்பும் சால்வையும் போட்டுக்கொண்டு, வானளாவிய கட்டடங்களில் இருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிறு தங்கள் வீட்டு மேசையில் கொறற்றி அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் வாசித்துக் காட்டினார். பிறகு மூடி, கதிரைக்குக் கீழே போட்டார்.

"இது சரிவராது சோதி. எங்கடை ஊரிலை குதிக்கிறதுக்குக் கட்டடம் எங்கை கிடக்கு? தண்ணித் தாங்கியிலை ஏறி நிண்டால் பொலிஸ்தான் வரும்."

"அப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"இஞ்சை உயரம் இல்லை. ஆழம்தான் இருக்கு" என்றார்.

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் நகரம் முழுவதும் வந்தது. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். கல்லுக்குள் வெடிப்பும் குகையும், அவற்றுக்குள் தண்ணீரும் இருக்கின்றன. இது பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம். நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று சிறு வயதில் எல்லாரும் கேள்விப்பட்டதும் உண்டு. கொறற்றி அதை எடுத்துக்கொண்டார். மற்ற யாழ்ப்பாணத்தில் எல்லாக் கிணறுகளும் அடியில் ஒன்று. இணுவிலில் எங்கள் வாழைத் தோட்டத்துக் கிணறும், நெல்லியடிச் சந்தைக் கிணறும், குருநகரில் அவர்கள் வீட்டு உவர்க் கிணறும் கீழே போனால் ஒரே இருட்டுத்தான். அந்த இருட்டில் ஒன்று இருந்தது. அதற்கு உருவம் இல்லை. அது கூப்பிடும். யாருக்கு யார் செத்துப்போனாரோ, அவருடைய குரலில், வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் சொன்னவர்கள் கிணற்றடியை விட்டு எழும்பமாட்டார்கள். மெல்ல மெல்ல உள்ளே போய்விடுவார்கள். அதற்குக் கொறற்றி வைத்த பெயர் 'கூப்பிடுறது'. இதைவிட நல்ல பெயர் வையும் என்று நான் சொன்னபோது, "பயப்பிடுற ஆக்கள் நல்ல பெயர் தேடிக்கொண்டிருக்க மாட்டினம்" என்றார்.

வீரர்களும் அந்த நிலத்தில் இருந்துதான் வந்தார்கள். என்னுடையவன் கல்லன். பருத்தித்துறை வீதியில் ஓடும் மினிபஸ் ஒன்றின் கொண்டக்டர். சுண்ணாம்புக் கல்லுக்குள் தண்ணீருக்குள் போவதுபோலப் போய்வருவான். நெல்லியடியில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் ரவிக்குப் பறக்கவேண்டும் என்று ஆசை. கொறற்றி சம்மதித்தார். ஆனால் பட்டத்தில் விண் என்கிற நாரைக் கட்டினால் அது காற்றில் எப்படிக் கூவுமோ, அப்படி அவனுடைய வீரனும் பறக்கும்போது கூவுவான் என்று ஒரு வில்லங்கத்தைச் சேர்த்துவிட்டார். விண்கூவி வருகிறான் என்பது மூன்று ஊருக்கு முன்னமே கேட்கும். தாட்சாயினியின் ஆள் மின்சாரசபையில் மீற்றர் பார்க்கிற பெண், பெயர் கறண்ட். ஒரு கிராமத்தின் முழு வெளிச்சத்தையும் உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளுவாள். சனம் ஒருநாளும் அவள் பெயரைச் சொன்னதில்லை. வழமைபோலக் கறண்ட் போய்விட்டது என்று ஏசிக்கொண்டு படுத்துவிடும்.

முகமூடி வேண்டாமா என்று ரவி கேட்டான். கொறற்றிக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"இந்த ஊரிலையோ? முகத்தை மூடினால் நடையைப் பாத்துச் சொல்லுவினம், உவன் இன்னாற்றை மோன் எல்லோ எண்டு. பேந்து கொம்மாட்டை வந்து முறைப்பாடும் வைப்பினம்."

அதனால் மற்ற யாழ்ப்பாணத்தில் வீரர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். அது அந்த நகரத்தின் மரியாதை. கல்லன் கல்லுக்குள் இருந்து சுண்ணாம்பு அப்பியபடி வெளியே வந்தால், தோட்டத்தில் நிற்கிற ஆள் மற்றப் பக்கம் திரும்பிப் புகையிலைக்குத் தண்ணீர் கட்டுவார். நான் எத்தனையோ இடங்களில் வீரக் கதைகள் படித்திருக்கிறேன். ஒரு ஊரே சேர்ந்து ஒருவனைக் காணாதது போல இருந்து காப்பாற்றுகிற கதையை அவர் ஒருவரிடம்தான் கேட்டேன்.

சக்திக்கு ஒரு விலையும் இருந்தது. ஒவ்வொரு முறை பாவிக்கும்போதும் வீரனிடமிருந்து சின்னதாக ஒன்று போய்விடும். எது போனது என்று கொறற்றி சொல்லமாட்டார். "உமக்கு இண்டைக்கு ஒண்டு குறைஞ்சிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்குவார். மாதக்கணக்கில் கழித்து, கல்லன் மாமி வீட்டில் ஒடியல் கூழ் குடிக்கும்போது, "ஒரு ருசியும் தெரியேல்லை" என்பார் கொறற்றி. போனது அதுதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கும். அவர் இதையெல்லாம் எழுதி வைப்பதில்லை. யாரிடமிருந்து என்ன போனது, எந்தக் கிணற்றடியில் யார் இருக்கிறார்கள், எந்தக் கடைக்காரருக்கு எந்தக் கால் நோகும் என்று எல்லாம் தலைக்குள்ளேயே இருந்தது. கணக்கெழுதுகிற ஆள் இதை ஏன் எழுதுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "எழுதினால் முடிஞ்சுபோயிடும் சோதி. இது முடியாமல் கிடக்கட்டும்" என்றார். இப்போது அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அயலில் கதை பரவாமல் இருக்குமா? ஞாயிறு பின்னேரம் வெளியூர் ஆட்கள் வந்து கட்டை உருட்டுகிறார்கள், சூதாட்டம் என்றார்கள் சிலர். பேய் கூப்பிடுகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். அவருடைய அம்மா திரேசம்மா ஒருநாள் செபமாலையைக் கையில் பிடித்தபடி வந்து, எங்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிட்டார். கொறற்றி நிறுத்தாமல் கதையைச் சொன்னார். அன்றைய கதையில் ஒரு கிழவர் புத்தூர்ப் பக்கம் கிணற்றடியில் இருந்து மனைவியின் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை எழுப்பப் பாடுபட்டோம். ஆட்டம் முடிய, அம்மா எழும்பிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு நாங்கள் செருப்பைக் கழற்ற முன்னமே, "அந்த மனிசன் எழும்பினவரோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஐந்தாவது கதிரை அவருக்குத்தான். தனக்கென்று ஒரு வீரர் வேண்டாம் என்றுவிட்டார். கேட்டுக்கொண்டு இருப்பார், இடையில் குசினிக்குப் போனால், "உரத்துச் சொல்லுங்கோ" என்று அங்கிருந்து சத்தம் போடுவார்.

இந்த ஆட்டத்துக்குக் கொறற்றி தொடக்கத்திலேயே ஒரு சட்டம் வைத்திருந்தார். எங்கள் சொந்தச் சாவுகள் மேசைக்கு வரக்கூடாது. இங்கே யாருக்குத்தான் செத்தவர்கள் இல்லை? கதையிலோ, செத்தவரின் குரலில்தான் பயமே வருகிறது. "எங்கடை ஆக்கள் அவையின்ரை பாட்டிலை கிடக்கட்டும். மேசைக்கெண்டு வேறை செத்த ஆக்களைச் செய்வம்" என்றார். அப்படித்தான் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வீரனுக்கு ஒரு செத்தவரை உண்டாக்கினோம். கல்லனுக்கு, அவனோடு மினிபஸ் ஓட்டிய செல்வமண்ணை. நான் உண்டாக்கிய அந்த மனிதருக்காகச் சில ஞாயிறுகளில் நான் கண்ணைத் துடைத்ததுண்டு.

ரவிதான் அந்தச் சட்டத்தை ஒருமுறை உடைக்கப் பார்த்தான். அவனுடைய தமையன் கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். உயிரோடு இருக்கிறார் என்றும் இல்லை என்றும் இன்றுவரை ஒரு சொல் வரவில்லை. அன்று விண்கூவி ஒரு கிணற்றுக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தான். கட்டையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு ரவி சொன்னான்:

"அக்கா, அது என்ரை அண்ணையின்ரை குரலிலை கூப்பிடட்டும்."

கொறற்றி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருக்கா. ஒரேயொருக்கா."

"செய்யமாட்டன் ரவி."

"கதைதானே அக்கா?"

"கதை எண்டபடியால்தான். நான் கூப்பிட்டால் நீ பதில் சொல்லுவாய். சொன்னியெண்டால் பேந்து கிணத்தடியை விட்டு எழும்பமாட்டாய்."

அவர் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினார். ரவி மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் அவன் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கு நடுவில் கொறற்றி நிறுத்தி, மேலே பார்ப்பார். "விண்கூவி எங்கையோ மேலை நிக்கிறான். சத்தம் கேக்குது" என்பார். நான் அதை ரவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த ஞாயிறு அவன் வந்து தன் கதிரையில் இருந்தான்.

கடைசி ஞாயிறு அவருக்குக் கண்ணுக்குப் பின்னால் லேசாக நொந்துகொண்டிருந்தது. வெயில் என்றார். நாங்கள் மூவரும் ஒரு திட்டம் போட்டிருந்தோம். கூப்பிடுறது ஒரு கிணற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி ஓரிடத்தில் ஒடுங்குகிறது. அந்த இடத்தைக் கல்லன் கல்லோடு கல்லாகப் போய் அடைத்துவிட்டால், அதற்குப் போக்கிடம் இல்லாமல் போகும். கறண்ட் ஊர் வெளிச்சம் முழுவதையும் வாங்கி வைத்திருந்தாள். விண்கூவி அதன் கவனத்தைத் திருப்பக் கூவிக்கொண்டிருந்தான். நான் இருபது முகக் கட்டையை உருட்டினேன். நன்றாக விழுந்தது.

கொறற்றி குரலைத் தாழ்த்தினார். "கல்லன் அடிக்கு வந்திட்டான். சுத்திவரக் கல்லு. தண்ணி அசையேல்லை. அப்ப ஒரு குரல் கூப்பிடுது. கல்லனுக்கு அந்தக் குரலைத் தெரியும்."

"செல்வமண்ணையோ?"

"இல்லை."

"அப்ப ஆற்றை குரல்?"

"மிச்சம் வாற ஞாயிறு."

நாங்கள் மூவரும் சத்தம் போட்டோம். அம்மா குசினியில் இருந்து, "ஆரெண்டு சொல்லன் பிள்ளை" என்று தானும் சேர்ந்து ஏசினார். கொறற்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது. சாவு கிணற்றுக்குள் இருந்து வரும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். வந்தது ஒரு டெங்கு நுளம்பு. அது எந்தப் பூச்சட்டித் தண்ணீரில் இருந்து வந்ததோ தெரியாது. அதற்கு ஒரு பேரும் இல்லை, சண்டை பிடிக்க ஒரு இடமும் இல்லை. இப்படியொரு முடிவை எங்களில் யாராவது மேசையில் சொல்லியிருந்தால், கதை தெரியாத ஆள் என்று கொறற்றி ஏசியிருப்பார்.

செத்த வீட்டில் நாங்கள் மூவரும் ஒரு மூலையில் நின்றோம். சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், பாடற்குழு ஒரு பக்கம், சொந்தக்காரர் உள்ளே. ஒரு பெரியவர் வந்து, "பிள்ளையள் என்ன முறை? வேலை செய்யிற இடத்து ஆக்களோ?" என்று கேட்டார். "ஞாயிற்றுக்கிழமையிலை அக்காவோடை இருக்கிறனாங்கள்" என்றான் ரவி. பெரியவர் விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போன அவ்வளவு சனத்தில், பெட்டியோடு ஒரு நகரமும் இறக்கப்படுகிறது என்று தெரிந்தவர்கள் நாங்கள்தான். அதன் கடைக்காரர்கள், பஸ்காரர், திரும்பி நின்று தண்ணீர் கட்டிய தோட்டக்காரர், புத்தூர்க் கிழவர் என எல்லாரும் போனார்கள். அவர்களுக்காக அழ நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அழுகிறோம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர் போன பிறகு நாங்களும் புறப்பட எழும்பினோம். திரேசம்மா அறைக்குள் போய்த் தகரப் பேணியை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"இருங்கோ பிள்ளையள். மிச்சத்தைச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

"அம்மா, எங்களுக்குத் தெரியாதே" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்? அந்தக் கல்லன் பொடியனை உள்ளுக்கை விட்டிட்டுப் போட்டாள். எனக்கு நித்திரை வருகுதில்லை. என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ."

மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் ஆசை இருந்தது. நகரத்தை எப்படியாவது இன்னும் ஒரு பின்னேரம் உயிரோடு வைத்திருக்கலாம் என்று நினைத்தோம். கொறற்றியின் கதிரையில் யாரும் இருக்கவில்லை. ரவி தன் கதிரையில் இருந்தபடியே உலகத்தைச் சொல்லத் தொடங்கினான். அது நகரமாக வரவில்லை. வழி ஒடுங்குகிற இடம் புத்தூர்ப் பக்கமா, கோப்பாய்ப் பக்கமா என்று எங்களுக்குள்ளேயே பிணக்கு வந்தது. வெளிச்சத்தை வாங்கியதால் கறண்டிடம் இருந்து என்ன குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. இனி ஒருக்காலும் தெரியவராது. எங்கள் வாயில் அது வெறும் கிணறாகவும் வெறும் இருட்டாகவும் கிடந்தது. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார்.

ரவி கல்லன் நின்ற இடத்துக்கு வந்துசேர்ந்தான். "தண்ணி அசையேல்லை. அப்ப ஒரு குரல் கூப்பிடுது" என்றான். அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை.

தாட்சாயினியைத் தெரிந்தவர்களுக்கு அவளுடைய தொண்டையைத் தெரியும். கலியாண மண்டபங்களிலும் திருவிழாக்களிலும் அறிவிப்புச் செய்கிறவள். கதையில் சந்தைக்காரிகளின் குரல், பொலிஸ்காரரின் குரல் எல்லாம் அவள்தான் பேசுவாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, கொறற்றியின் குரலில், கொறற்றி வாசலில் நின்று கூப்பிடுகிற அந்த இழுவையோடு சொன்னாள்:

"சோதி... என்ன, எல்லாரும் வந்திட்டியளோ? நான் வாறன் எண்டு சொன்னனான் எல்லோ."

"ஓம் பிள்ளை, இஞ்சை நிக்கிறன்" என்று குசினியில் இருந்து பதில் வந்தது.

கோப்பை ஒன்றை வைக்கிற சத்தம் கேட்டது. அம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கெதியாகக் குசினி வாசலுக்கு வந்தார். முகம் முழுவதும் சிரிப்பு. எங்களைப் பார்த்தார். வெறும் கதிரையைப் பார்த்தார். பிறகு தாட்சாயினியைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து போவதை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் நான் அதைவிடக் கொடிய ஒன்றைப் பார்த்ததில்லை.

"நான் பதில் சொல்லிப்போட்டன், என்ன?" என்றார் அம்மா. கூப்பிடுறதுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அவருக்கும் தெரியும்.

தாட்சாயினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னொருக்காக் கூப்பிடு பிள்ளை."

தாட்சாயினி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"ஒருக்கா. ஒரேயொருக்கா."

ரவி எழும்பினான். மேசையில் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினான். ஒன்று கீழே விழுந்து உருண்டது. குனிந்து அதையும் எடுத்துப் போட்டான்.

"ஏலாதம்மா" என்றான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா விடமாட்டா."

அம்மா வந்து கொறற்றியின் கதிரையில் இருந்தார். "அப்ப அந்தப் பொடியன் உள்ளுக்கையே நிக்கிறான்" என்றார். "ஓம்" என்றேன். குசினியில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு நாங்கள் வெளிக்கிட்டோம்.

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் கூடவில்லை. தாட்சாயினி குழுவை விட்டு வெளியேறிவிட்டாள். யாரையும் குறை சொல்லவில்லை, குழுவில் கொறற்றியின் படத்தைப் பார்க்க ஏலாது என்று மட்டும் சொன்னாள். ரவி கடையில் இருக்கிறான். கண்டால் வேறு கதை கதைக்கிறோம். போன கிழமை யூட்டை ஆசுப்பத்திரி வீதியில் சந்தித்தேன். அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டேன்.

"பறவாயில்லை அண்ணை. பின்னேரத்திலை கிணத்தடியிலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா. உள்ளை வாங்கோ எண்டால், காத்து வாங்கிறன் எண்டுறா" என்றார்.

அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. நான் எப்படிச் சொல்வது? வீதியில் நின்று தலையாட்டினேன்.

கொறற்றியை அறிந்தவர்களிடம் அவரவர்க்கு ஏதோ ஒன்று இருக்கும். பாட்டோ, பகிடியோ, அவர் சரிபார்த்துக் கொடுத்த கணக்கோ இருக்கும். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு மினிபஸ் கொண்டக்டர். அவன் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறான். அவனை மேலே கொண்டுவர ஒரு வசனம் போதும். அதை நான் சொல்லவில்லை. மேலே வந்தால் அவன் வந்து நிற்க ஊர் இல்லை. அவன் பதிலும் சொல்லவில்லை. அந்தக் குரலைக் கல்லனுக்குத் தெரியும் என்று கொறற்றி சொன்னார். அது யாருடைய குரல் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை.